பள்ளிக்கூடம் வைத்து இலாபம் தேடலாமா?

வணிகர்கள் சிலர் கூட்டாக முதல் போட்டு, எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்காகக் குறைந்த கட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்க எண்ணியிருக்கிறார்கள். போட்ட முதலுக்கு இலாபம் பெறுவது மார்க்கத்தில் ஆகுமா, ஜகாத் பணத்தை அந்த முதலில் சேர்க்கலாமா என இரண்டு கேள்விகளை நமக்கு எழுதியுள்ளார்கள். கல்வியை விற்பது பாவம் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் தடுத்தாராம். அப்பெரியவரின் கலக்கம் மதிக்கத்தக்கதே. ஆயினும் ஷரீஅத் இவ்விஷயத்தில் அவர் எண்ணுவதைவிட விரிவாகப் பேசுகிறது.

பத்ருப் போரில் சிறைப்பட்ட குறைஷிகளிடம் மீட்புப் பணம் பெறப்பட்டது. பணமில்லாதவர்களில் எழுதத் தெரிந்தவர்கள், அன்ஸாரிகளின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பித்துவிட்டு விடுதலையாகலாம் எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். கற்பித்தலுக்குப் பொருள் மதிப்பு உண்டு என்பது இதிலிருந்தே விளங்கும். குர்ஆன் ஓதிக் கொடுக்கக் கூலி வாங்குவதில்தான் இமாம்களிடையே கருத்து வேறுபாடு. ஷாஃபிஈ மத்ஹபில் அது கூடும். ஹனஃபி மத்ஹபின் முன்னோர்கள் கூடாதென்றார்கள். ஆசிரியர்களுக்கு பைத்துல்மாலிலிருந்து வந்த மானியம் நின்று, ஓதிக் கொடுக்க ஆளில்லாமற் போகும் நிலை வந்தபோது, பின்வந்த உலமாக்கள் கூடுமெனத் தீர்ப்பளித்தார்கள். கணக்கும் விஞ்ஞானமும் கற்பிப்பவரின் சம்பளத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை.

ஆனால் ஆசிரியரின் கூலி வேறு, முதல் போட்டவரின் இலாபம் வேறு. ஆதாயம் என்பது பொறுப்பைத் தொடர்ந்தே வரும் என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் உண்டு. நட்டத்தையும் சுமப்பவனுக்கே இலாபத்தில் உரிமை. துணிக்கடை நொடித்தால் முதலாளியின் பணம் போகும். வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போவார். பள்ளிக்கூடம் ஆண்டின் நடுவில் நொடித்தால் பங்குதாரருக்குப் போவது பணம், பிள்ளைக்குப் போவது அதன் வயது. இழந்த பணத்தை மறுபடி தேடலாம். ஏழாவது வயதை எந்தச் சந்தையில் வாங்குவது? நம் பார்வையில் அந்தப் பிள்ளை வாடிக்கையாளர் அல்ல. ஆயுளின் ஒரு பகுதியையே முதலாகப் போட்ட கூட்டாளி.

வெறும் கற்பனையாக இதைச் சொல்லவில்லை. 2009-ல் கென்யாவின் நைரோபி நகரத்துக் குடிசைப் பகுதியில் பிரிட்ஜ் என்ற நிறுவனம் குறைந்த கட்டணப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. பெரும் செல்வந்தர்கள் அதில் முதல் போட்டார்கள். ஆசிரியர் கையில் சிறு மின்கருவி. அதில் வரும் பாடத்தை அவர் வாசித்து நடத்துவார். ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: நோபல் பரிசு பெற்ற பொருளியலறிஞர் மைக்கேல் கிரெமரும் பிறரும் கென்யாவில் செய்து 2022-ல் வெளியிட்ட ஆய்வில், அங்கே படித்த பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாகவே கற்றிருந்தனர். அதே நிறுவனம் உகாண்டாவில் நடத்திய பள்ளிகளை, உரிமம் இல்லையென அரசு மூட முற்பட்டபோது, 2016-ல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கழகம் 2022-ல் தன் பங்கை விலக்கிக்கொண்டது. பங்குதாரருக்கு விலகிக்கொள்ள வழி இருந்தது. வகுப்பில் இருந்த பிள்ளைக்கு அப்படி என்ன வழி?

மலிவு என்பதையும் சற்று விசாரிக்க வேண்டும். கட்டணம் குறைவாயிருந்தால் அந்தக் குறைவை யாரோ ஒருவர் சுமக்கிறார். பெரும்பாலும் அது பட்டம் பெற்றும் சொற்பச் சம்பளத்துக்கு வரும் ஆசிரியையாகத்தான் இருக்கிறார். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில், அவர் வயிற்றிலிருந்து எடுத்த பங்கை இலாபமென்று எழுதுவது எப்படித் தகும்? 1995-ல் கராச்சியில் தொழிலதிபர்கள் சிலர் தொடங்கிய ‘சிட்டிசன்ஸ் ஃபவுண்டேஷன்’ வேறு வழியில் போயிற்று. இலாபம் வேண்டாமென்று வைத்து, குடும்பத்தின் சக்திக்கேற்பக் கட்டணம் வாங்கி, மீதியை நன்கொடையால் ஈடுகட்டினார்கள். ஐந்து பள்ளிகளில் தொடங்கியது இன்று ஆயிரத்தையும் தாண்டிவிட்டது. வியாபாரிகளின் நிர்வாகத் திறமை அங்கே வீணாகிவிடவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இதையொட்டியே நிற்கிறது. 2002-ல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு, கல்வி நிலையம் தன் வளர்ச்சிக்காக நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், கொள்ளை இலாபம் கூடாது என்றது. பள்ளிகளை அறக்கட்டளையோ சங்கமோதான் பொதுவாக நடத்துகின்றன. பங்கு பிரித்துக்கொள்ள இடமில்லை. சிலர் இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கட்டிடம் குடும்பத்தாரின் பெயரில் இருக்கும்; பள்ளி அதற்குச் சந்தையில் இல்லாத வாடகை கொடுக்கும். ஊர் வழக்கப்படியான வாடகை ஹலால். அதற்கு மேற்பட்டது ஹீலா, அதாவது தந்திரம்.

ஆகவே அந்த வணிகச் சகோதரர்களுக்கு நாம் கூறுவது: உழைப்பவர் சம்பளம் பெறலாம், இடம் தந்தவர் நியாயமான வாடகை பெறலாம். முதலுக்கென்று இலாபம் எதிர்பார்ப்பவர் அப்பணத்தை வேறு தொழிலில் போடட்டும். பள்ளி நொடித்தாலும் அவ்வாண்டை நடத்தி முடிக்கப் போதுமான தொகையைச் சேர்த்த பிறகே முதல் பிள்ளையின் பெயரை எழுதுங்கள்.

ஜகாத்தை முதலில் சேர்க்கக் கூடாது. அது குர்ஆன் குறிப்பிடும் எட்டு வகையினரின் உரிமை. பெறுபவர் கையில் அவருக்கே சொந்தமாகப் போய்ச் சேர வேண்டும். தகுதியுள்ள ஏழைப் பெற்றோரிடம் கொடுத்துவிட்டால், அவர் அதைக் கட்டணமாகக் கட்டுவது அவர் விருப்பம். ஜகாத் வருகிறதென்று அப்பிள்ளைகளுக்கு மட்டும் கட்டணத்தைக் கூட்டிவிடாதீர்கள். கட்டிடத்துக்கு ஸதகாவும் வக்ஃபும் இருக்கின்றன.