ஊழியமும் பணிவிடையும்

அய்யா உண்டு.

அன்புக்கொடி மக்களே! திருவிதாங்கூர் ஆட்சியில் நம் முன்னோரைக் கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். அதற்கு ஊழியம் என்று பெயர். மறுத்தவனுக்கு அடிதான். அந்தக் கொடுமையைக் கண்டித்த அய்யா வைகுண்டர் சிங்காரத்தோப்பில் சிறையும் இருந்தார்.

இப்போது கும்பப்பூ நடவு. ஞாயிறு காலைப் பணிவிடை முடிந்ததும் நம் தாங்கல் பிள்ளைகள் ஒருவர் வயலுக்கு மற்றவர் போய் நட்டுக் கொடுக்கிறார்கள். கூலி கிடையாது. “இதுவும் ஊழியந்தானே?” என்று ஒரு பெரியவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். வரமுடியாது என்று ஒருவன் சொல்லலாம். சொன்னவனையும் மறுவாரம் அதே முகத்தோடு கூப்பிட வேண்டும். முகம் மாறினால் பெரியவர் கேட்டது சரியாகிவிடும்.

இன்னொன்று. உன் வயலுக்கு நான், என் வயலுக்கு நீ என்பது கணக்கு. அது தப்பில்லை. ஆனால் பிள்ளையில்லாத பாட்டியின் 50 சென்டுக்கு யார் திருப்பி நடுவார்? அந்த வயலுக்கு முதலில் போங்கள். அந்தக் கணக்கை எழுதி வைக்காதீர்கள்.

வேலை முடிந்தால் வரப்பில் கஞ்சி. முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒரே தண்ணீர் குடிக்கவைத்தவர் அய்யா. பிற சாதிப் பிள்ளைகளும் நம்மோடு சேற்றில் இறங்குகிறார்கள். ஒரே பானை, ஒரே அகப்பை, ஒரே வரிசை.

வருகிற ஞாயிறு பாட்டி வயல். பயறும் தேங்காயும் கொண்டுவர முடிந்தவர்கள் சனி மாலையே தாங்கலில் கொடுத்துவிடுங்கள்.

அய்யா உண்டு.