மண்வாரிகள் ஓயும் இடம்

செமிலிங், ஜாபி, பாடாங் சீனா: மூன்று குப்பைமேடுகள். சுங்கைப் பட்டாணியில் நாம் வாசலில் வைக்கும் பை செமிலிங்குக்குப் போகிறது. அலோர்ஸ்டாரின் குப்பை ஜாபிக்கு, கூலிமின் குப்பை பாடாங் சீனாவுக்கு. அங்கே அதைக் கிளறி, பரப்பி, அழுத்தி, மண் போட்டு மூடுவது இயந்திரங்களின் வேலை. நாம் முகம் திருப்பிக்கொள்ளும் பொருளை நாள் முழுதும் அள்ளும் அந்த மண்வாரிகளைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கிறேன்.

*

நம் பக்கத்தில் அதிகம் காணக்கூடியது 20 டன் மண்வாரி. ஜப்பானில் பாதி ஆயுளைக் கழித்து, 'ரீகண்டிஷன்' ஆகிக் கப்பலேறி வந்தவை பல. தோட்டங்களில் பால் வற்றிய ரப்பர் மரங்களைச் சாய்த்ததும், செம்பனைக்கு மேடை வெட்டியதும், வாய்க்கால் தோண்டியதும் இப்படிப்பட்டவைதாம். பாட்டி விடியும் முன் எழுந்து பால் வெட்டிய நிரை, ஒரே காலையில் தரையில் கிடக்கும். லயன் வீடுகளை இடிக்கவும் இவையே வந்தன. இரும்புக்கு விருப்பு வெறுப்பு கிடையாது. அனுப்பியவர் யார், எதற்கு அனுப்பினார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

*

குப்பைமேடு இயந்திரத்தின் ஆயுளைக் குறைக்கும். குப்பையிலிருந்து ஊறும் கழிவுநீர் செயினையும் உருளைகளையும் அரிக்கும். கம்பியும் நைலான் கயிறும் அச்சில் சுற்றிக்கொண்டு எண்ணெய் சீலை அறுக்கும். பிளாஸ்டிக் துணுக்குகள் ரேடியேட்டரை அடைக்க, எஞ்சின் கொதிக்கும். காலடியில் குப்பை இறங்கிக்கொண்டே இருப்பதால் நிற்கும் இடமும் நிலையில்லை. ஒருநாள் பழுதுபார்க்கும் செலவு இயந்திரத்தின் விலையைத் தாண்டுகிறது. அன்று அதை ஓரமாக நிறுத்துகிறார்கள்.

*

உலகின் ராட்சத மண்வாரிகளுக்கும் இதே முடிவுதான். ஜெர்மனியின் ஓ அண்ட் கே நிறுவனம் 1979-இல் செய்த ஆர்எச் 300 சுமார் 500 டன். அதே நிறுவனம் 1997-இல் கனடாவின் எண்ணெய்மணல் சுரங்கத்துக்குச் செய்த ஆர்எச் 400, ஆயிரம் டன்னை நெருங்கியது. இத்தகையவை பாகம் பாகமாக வந்து, தோண்டும் பள்ளத்திலேயே பூட்டப்படுகின்றன. ஓய்ந்த பின் முழுசாக வெளியேற வழியில்லை. பாகங்களாகக் கழற்றப்படும், அல்லது எரிவாயுச் சுடரில் துண்டாகும். இப்படித் தோண்டிய பள்ளங்கள் சில பிற்பாடு குப்பை கொட்டும் இடமாவதும் உண்டு.

எங்கோ ஒன்றுக்கு நல்ல காலம் வாய்க்கிறது. பேராக்கில் 1938-இல் கட்டிய, வெள்ளீயம் தோண்டும் 4,500 டன் ஈயக்கப்பல், தஞ்சோங் துவாலாங் 5, 1982-இல் வேலையை நிறுத்தியது. இன்று மக்கள் அதை ஏறிப் பார்க்கிறார்கள். 20 டன் மண்வாரிக்கு அந்தப் பேறு கிடையாது.

*

ஓரமாக நிறுத்திய இயந்திரத்திலிருந்து முதலில் போவது ஹைட்ராலிக் பம்பு. பிறகு மோட்டார்கள், சிலிண்டர்கள், செயின். விலைபோகாத கூடு மட்டும் மழையில் நிற்கும். அதற்குள் எஞ்சின் எண்ணெயும் ஹைட்ராலிக் எண்ணெயும் மிச்சமிருக்கலாம், ஈய பேட்டரியும் இருக்கலாம். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு விதிகளில் இவை மூன்றும் அட்டவணைக் கழிவுகள். 305, 306, 102 என்று தனித்தனி எண்ணே உண்டு. கண்ட இடத்தில் கொட்டுவது குற்றம். கொட்டாமலே கசிந்தாலும் மண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

*

மூடிய குப்பைமேடு ஓய்ந்துவிடுவதில்லை. பல ஆண்டுகள் மீத்தேன் விடும், கழிவுநீர் வடிக்கும், மெல்லத் தாழும். பூச்சோங் ஆயர் ஹீத்தாமில் 1995-இல் திறந்த குப்பைமேட்டை 2006-இல் மூடினார்கள். அதன் வாயுவில் மின்சாரம் எடுத்தார்கள், மேலே பூங்கா அமைத்தார்கள். பார்த்துக்கொள்ள ஆளிருந்தால் குப்பைமேட்டுக்கும் கௌரவமான முதுமை உண்டு.

*

பீடோங் அருகே சுங்கை பத்துவில் பண்டைக்கால இரும்பு உலைகளை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டி எடுத்தார்கள். உடைந்த களிமண் ஊதுகுழல்களும் இரும்புக் கசடும் அங்கே குவியல் குவியலாகக் கிடைத்தன. நம் முன்னோர் கடாரம் என்று அழைத்த மண் இது. அன்றைய கொல்லர்கள் எறிந்தவை களிமண்ணும் கசடும். நாம் விட்டுச்செல்வது எண்ணெயும் ஈயமும் பிளாஸ்டிக்கும்.

*

இரும்புக்கு மறுபிறவி உண்டு. மாநில எல்லை தாண்டினால் பிறையில் பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கிக் கம்பியாக்குகிறார்கள். தூரம் ஒரு தடையே அல்ல. கணக்கு வைத்துக்கொள்ளும் பொறுப்புதான் குறைவு. ஆகவே என் வேண்டுகோள் இது: ஒரு குப்பைமேட்டை மூடும் திட்டத்தில் அங்கே உழைத்த இயந்திரங்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எண்ணெயை வடித்த தேதி, பேட்டரி போன இடம், இரும்பு போன ஆலை, மூன்றையும் அதில் எழுதுங்கள். அந்தப் பக்கம் காலியாக இருக்கும்வரை, மேலே எவ்வளவு புல் நட்டாலும் அந்த மேடு மூடப்பட்டதாகாது.