பெண் கொடுத்த மாமனார் செய்த குற்றம்

சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கேட்டால் எங்கள் கருமத்தம்பட்டியில் ஆளுக்கொரு பதில் வரும். பொன்னியின் செல்வன் படம் மட்டும் பார்த்தவர்கள் யோசிக்காமல் நந்தினி என்பார்கள். ஐந்து பாகமும் படித்தவர்கள் கொஞ்சம் இழுப்பார்கள். கல்கி அந்தக் கடம்பூர் மாளிகை இருட்டில் எதையும் திட்டமாகக் காட்டாமல் விட்டுவிட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும். மணிமேகலை ‘நான்தான்’ என்று புலம்புகிறாள். பெரிய பழுவேட்டரையர் ‘நான்தான்’ என்கிறார். கந்தமாறன் வந்தியத்தேவனைக் கை காட்டுகிறான். மற்ற மர்மக் கதைகளில் ஆளாளுக்குப் பழியைத் தட்டிவிடப் பார்ப்பார்கள். பொன்னியின் செல்வனிலோ அன்பினாலும் அவமானத்தாலும் பழியை இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார்கள். எழுபது வருடமாக இந்தப் புத்தகம் வாசகர்களை விடாமல் பிடித்து வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

நாங்கள் சில பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் இதையெல்லாம் பேசுவோம். வாசகர் வட்டம் என்று பெயர் வைக்கக் கூச்சம். செபமாலை மாதா கோயிலில் பூசை முடிந்து நான் வருவேன். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வருவார். நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி லீவில் வந்தால் வருவாள். கூடுவது சோமனூர் ரோட்டில் தறி ஓட்டும் அண்ணன் ஒருவர் வீட்டு ஆசாரத்தில். அன்றைக்குத் தறி நிற்கும். அதனால் ஒருவர் பேசுவது ஒருவர் காதில் விழும். பஞ்சுத் தூசி படிந்த மின்விசிறி, சில்வர் டம்ளரில் காப்பி, நடுவில் மடித்துப் போட்ட புத்தகம். நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள் என்பதால் சந்தேகம் வந்தால் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள்.

ஒருநாள் உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றிச் சொன்னேன். காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு, அதாவது 987ஐ ஒட்டி. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அது பெயர் சொல்கிறது: சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன். பட்டத்தைப் பார்த்தாலே தெரியும், சாதாரண ஆட்கள் இல்லை, பெரிய அதிகாரிகள். கொலை நடந்ததற்கும் இந்த ஆணைக்கும் நடுவில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அந்த இடைவெளியில் பெரும்பகுதி உத்தம சோழன் ஆண்ட காலம். அதனால்தான் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார், சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்து எழுதினார். வரலாற்றுக்காரர்களும் எங்கள் ஆசாரத்து ஆட்களும் ‘யார் கொன்றது’ என்ற அந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

ஆனால் அந்தக் கல்வெட்டுக்குக் கொலையைப் பற்றிப் பெரிய அக்கறை இல்லை. அது சொத்தைப் பற்றிய ஆணை. கொன்றவர்களின் உடைமை மட்டுமல்ல, அவர்கள் தம்பிமார், மக்கள், மனைவிமார், பெற்ற தாய், தாய்மாமன், பெண் கொடுத்த மாமனார், உடன்பிறந்தாளைக் கட்டியவர், மகளைக் கட்டியவர் என்று வரிசையாகச் சொல்லி, அவர்கள் உடைமையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. நான் இதைச் சொல்லி முடித்ததும் தறிக்கார அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அதென்னுங்க டீச்சரம்மா, கொன்னவன் சொத்தைப் புடுங்குனா சரி. பொண்ணுக் குடுத்த மாமனாரு என்னுங்க பண்ணுனாரு?”

ஒருவருக்கும் பதில் வரவில்லை. வரலாற்று டீச்சருக்கும்தான். அத்தனை வருடம் அந்தக் கல்வெட்டைக் கொலைக்கான தடயமாகவே வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவன் செய்த பாவம் எவ்வளவு தூரம் போகும், எங்கே போய் நிற்கும் என்ற கேள்வியும் அதே கல்லில்தான் இருக்கிறது.

இதே கேள்வியோடு இன்னொரு புத்தகம் என்னிடம் இருந்தது. எல்லிஸ் பீட்டர்ஸ் என்ற பெயரில் எழுதிய எடித் பார்ஜெட்டர் என்ற ஆங்கில அம்மையாரின் நாவல், 1979இல் வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்து, ஷ்ரூஸ்பரி மடம், மூலிகைத் தோட்டம் வளர்க்கும் கேட்ஃபெல் என்ற துறவி. இளமையில் சிலுவைப் போருக்குப் போய்வந்தவர், பிறகு மடத்தில் சேர்ந்தவர். 1138இல் ஸ்டீபன் மன்னன் ஷ்ரூஸ்பரிக் கோட்டையைப் பிடித்து, உள்ளே இருந்த காவல் படையைத் தூக்கில் போட்டது கற்பனை இல்லை, நடந்தது. நாவலில் அந்தக் கணக்கு தொண்ணூற்று நான்கு பேர். அடக்கம் செய்யப் போன கேட்ஃபெல் எண்ணிப் பார்க்கிறார், தொண்ணூற்றைந்து உடல் கிடக்கிறது. யாரோ ஒருவனைத் தனியாகக் கொன்று அரசன் கொன்ற கும்பலுக்குள் ஒளித்திருக்கிறார்கள். பிறகு காதல் உண்டு, இரண்டு ஜோடி. கடைசியில் வாள் சண்டையில் தீர்ப்பு. தமிழில் கதையை இரண்டு வாரம் சொன்னேன்.

நர்சிங் பெண்ணுக்குக் காதலும் மூலிகையும் பிடித்துப் போயின. கொன்றவன் யார் என்று நடுவிலேயே ஊகித்தும்விட்டாள். தபால்காரர் மட்டும் முகத்தைச் சுளித்தார். “தொண்ணூத்தி நாலு பேரை ராஜா தூக்குல போடுறான், அது மர்மம் இல்லை. ஒருத்தனைக் கொன்னதுக்கு மட்டும் ஒரு புத்தகமா?” என்றார். மர்மக் கதை மேல் நான் கேட்ட நல்ல விமரிசனங்களில் இது ஒன்று. ஆனாலும் கேட்ஃபெல் பக்கம்தான் நான். தொண்ணூற்று நான்கை நிறுத்த அந்தத் துறவிக்குச் சக்தி இல்லை. தொண்ணூற்றைந்தாவது ஆளையாவது கும்பலோடு கும்பலாகப் புதைக்காமல், அவன் பெயர் என்ன, அவனைக் கொன்றவன் பெயர் என்ன என்று தனித்தனியாகப் பிரித்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார். துப்பறியும் கதை என்ற வகைக்கே ஒரு நம்பிக்கை உண்டென்றால் அது இதுதான்: குற்றத்துக்கு ஒரு ஆள் உண்டு, அவனுக்கு ஒரு பெயர் உண்டு, மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

அந்தக் காலத்து அரசாங்கங்களுக்கு அந்த நம்பிக்கை கிடையாது. கேட்ஃபெல் காலத்து இங்கிலாந்தில் ஒரு பிணம் கிடந்து, செத்தவன் ஆங்கிலேயன்தான் என்று ஊரார் நிரூபிக்காவிட்டால், அவனை ஆளும் இனமான நார்மன் என்றே கொண்டு, கொன்றவனையும் பிடித்துக் கொடுக்காத அந்த வட்டாரம் முழுக்கத் தண்டம் கட்ட வேண்டும். 1340 வரை அந்தச் சட்டம் இருந்தது. தாமஸ் பெக்கெட் என்ற பேராயர் இரண்டாம் ஹென்றியோடு மோதி 1164இல் நாட்டை விட்டு ஓடியபோது, ஹென்றி அவருடைய சொந்தபந்தங்களையும் நாடு கடத்தினான். ராஜத் துரோகியின் ரத்தமே கெட்டது என்று சொல்லி வாரிசுகளின் உரிமையைப் பறிக்கும் வழக்கம் அங்கே நூற்றாண்டுகள் நீடித்து 1870இல் ஒரு சட்டத்தால் ஒழிந்தது. அடுத்த வருடம், 1871இல், அதே ஆட்சி இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டது. தன் நாட்டில் கைவிட்டதை இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்து, கைரேகை வைக்க மறுத்தவர்கள் மேல் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த பெருங்காமநல்லூர்த் துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனது. கைரேகை வைக்கச் சொன்னது செய்த குற்றத்துக்காக அல்ல, பிறந்த பிறப்புக்காக.

வெள்ளைக்காரனை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையை எத்தனை பேர் நின்று படிக்கிறோம்? கோவலன் கொலைக்குப் பிறகு பாண்டிய நாட்டில் மழை பொய்த்தது. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலி கொடுத்து விழா எடுத்தான், மழை பெய்தது என்கிறது. பொய் சொன்னது ஒரு பொற்கொல்லன். செத்தது ஆயிரம் பேர். அந்த ஆயிரம் பேரில் ஒருவருக்கும் பெயர் இல்லை. விசித்திரம் என்னவென்றால், அதே காப்பியம் கோவலன் விஷயத்தில் ரொம்பக் கறாராக இருக்கிறது. அவன் செத்தது முற்பிறப்பில் பரதனாக இருந்து சங்கமன் என்பவனைக் காட்டிக்கொடுத்த வினையால். அவன் வினை, அவன் சாவு. கதாநாயகனுக்குக் கணக்குத் தனியாக, பொற்கொல்லருக்குக் கணக்கு மொத்தமாக.

இந்த இடத்தில்தான் தறிக்கார அண்ணன் என்னை மடக்கினார். “எங்கூட்டுச் சாத்திரத்துல வினைங்கறது அவியவிய பண்ணுனது, போன பொறப்போ இந்தப் பொறப்போ. உங்கூட்டுல ஆதாம் தின்ன பழத்துக்கு இன்னிக்குப் பொறந்த கொழந்தைக்கும் பாவம்னு தண்ணி ஊத்தறீங்கல்லோ?”

சரியான அடி. நாங்கள் கத்தோலிக்கர்கள் சென்மப் பாவத்தை நம்புகிறவர்கள். என் பேரனுக்கு இதே மாதா கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தபோது பக்கத்தில் நின்றவள் நான். திருச்சபை சொல்லும் பதில் எனக்குத் தெரியும்: அது குழந்தை செய்த பாவம் அல்ல, குழந்தைக்கு வந்து சேர்ந்த நிலை. தண்டிக்க வேண்டிய குற்றம் அல்ல, குணப்படுத்த வேண்டிய காயம். அண்ணனிடம் அதைச் சொன்னேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லையே என்றார். எனக்குத் தெரிகிறது, ஆனால் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டவர்களுக்குத்தான் அது விளங்கும் என்று நினைக்கிறேன். அங்கே போய் என் அப்பா செய்ததை நான் சொல்ல முடியாது. கணவர் செய்ததைச் சொன்னால் சாமியார் நிறுத்தி, ‘உங்கள் பாவத்தைச் சொல்லுங்கள்’ என்பார். பழைய ஏற்பாட்டிலேயே மூன்றாம் நான்காம் தலைமுறை வரை தண்டனை என்று யாத்திராகமம் சொல்வதையும், எசேக்கியேல் பதினெட்டாம் அதிகாரம் அதற்கு எதிராக எழுந்து நின்று, தகப்பன் அக்கிரமத்தை மகன் சுமக்க மாட்டான் என்று அடித்துச் சொல்வதையும் ஒரே புத்தகத்துக்குள் வைத்திருக்கிறோம். நான் எசேக்கியேல் கட்சி.

ஆனால் கட்சி கட்டினாலும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பாவச்சொத்து தங்காது என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ரவிதாசன் துரோகத்தால் சம்பாதித்த நிலத்தில் அவன் மகன் நெல் அறுத்தால், மகனுக்குக் குற்றம் இல்லை என்பேன். நெல் அவனுடையதா என்று கேட்டால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டேன். பழி ரத்தத்தில் இறங்காது, கடன் சொத்தோடு இறங்கும். அப்பன் வாங்கிய கடனை அவன் விட்டுப்போன சொத்து அளவுக்கு மகன் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதை எந்தக் கோர்ட்டும் ஒப்புக்கொள்ளும். உடையார்குடி ஆணை இந்த எல்லையில் நின்றிருந்தால் எனக்கு மறுப்பு இல்லை. அது நிற்கவில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுத்த மாமனாருக்குத் துரோகத்தில் என்ன வரவு வந்திருக்கும்? சீர் கொடுத்தது அவர்தானே. அரசன் அங்கே கடனை வசூலிக்கவில்லை, உறவு என்ற நூலைப் பிடித்துக்கொண்டு அது போகிற வீடெல்லாம் போயிருக்கிறான்.

பொன்னியின் செல்வன் வாசகர்கள் ரவிதாசனை வெறுப்பார்கள், நந்தினிக்காக உருகுவார்கள், வந்தியத்தேவன் தப்பியதும் மூச்சு விடுவார்கள். அந்த மாமனார்களுக்கு நாவலில் இடம் இல்லை. இருந்திருந்தால் கதை கெட்டிருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கல்கிக்கு வேண்டியது மர்மம். வேறொருவர் அந்த வீட்டில் ஆரம்பித்து ஒரு நாவல் எழுதலாம்: ஆணை வந்த நாள், சபையார் வந்து நிலத்தை அளக்கிறார்கள், மகள் புருஷன் செத்து வருடமாகிறது.

கல்வெட்டின் கடைசிப் பகுதியைச் சொன்னபோது விவாதம் மறுபடி கிளம்பியது. பறிமுதல் ஆன நிலத்தில் கொஞ்சத்தை ஒருவர் விலை கொடுத்து வாங்கி, கோயிலில் அன்னமிட அறக்கட்டளையாக வைத்திருக்கிறார். கல்லில் இந்தக் கதை முழுக்க நமக்குக் கிடைத்திருப்பதே அந்த அறத்தைப் பதிவு செய்ததால்தான். தபால்காரர், பாவ நிலம் புண்ணியமாகிவிட்டது என்றார். நர்சிங் பெண், அப்படியானால் மாமனாருக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டாள். அரண்மனைக்குத்தான் போயிருக்கும் என்றேன்.

“வாங்குனவனுக்குப் பாவம் ஒட்டாதுங்களா?” என்றார் அண்ணன். முறையாக விலை கொடுத்து வாங்கியவருக்கு ஒட்டாது, ஆனால் யாரிடமிருந்து பிடுங்கியது என்று தெரிந்தே வாங்கினால் அவர் மனசாட்சி அவரிடம் கேட்கட்டும் என்றேன். அவருக்கு அது போதவில்லை. அவினாசி ரோட்டில் இன்றைக்கு சென்ட் என்ன விலைக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், அந்த மாதிரி நிலத்தைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் தான் வாங்க மாட்டேன் என்றார். தபால்காரர் தான் வாங்குவேன் என்றார். அன்றைக்குக் காப்பி இரண்டாம் தரம் வந்தது, பேச்சு அதற்குமேல் நிலத்து விலைக்குப் போய்விட்டது.