கலந்தும் அழியாத வண்ணம்

வியாசர்பாடியில் சூரியன் பூசித்த தலமென்று ஐதிகம் கூறும் இரவீஸ்வரர் கோயிலின் மேல் விடியும் வானத்தை, கிரிதா போன்றதோர் ஓவிய மென்பொருளில் தீட்டப் புகுந்தவன், செம்மையும் நீலமும் சந்திக்கும் விளிம்பில் தூரிகையின் அடர்த்தியைக் குறைத்து, இடைநிறத்தைத் தொட்டெடுத்து, மீண்டும் மீண்டும் மெல்லத் தடவுகையில், பேதம் எங்கே முடிந்து அபேதம் எங்கே தொடங்குகிறது என்ற புராதன வினா அவன் முன் எழுகிறது. சித்திரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: விளிம்பு மறைந்துவிட்டது, ஆயினும் ஒவ்வொரு புள்ளியும், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் பெரும்பாலும் 0 முதல் 255 வரையில் தனக்கு வாய்த்த எண்களைத் தாங்கித் தனித்தே நிற்கிறது. இவ்வாறே, 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார், சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் நிலைநாட்டிய சைவ சித்தாந்தத்தில், ஆன்மா இறைவனோடு பிரிவின்றிக் கலந்தும் தன் இருப்பை இழப்பதில்லை. ஐக்கியம் என்பது ஒன்றின் நாசமன்று என்ற அக்கொள்கையே என் அறிவுக்கு நியாயமாகப் படுகிறது.