கரண்ட் திரும்பி வரும் நேரம்

மியான்மரின் யாங்கோனில் லைங் ஆற்றுக்கு மேற்கே இருக்கிறது லைங் தாயா. தையல் ஆலைகளும், 2008இல் நர்கிஸ் புயல் அடித்தபின் ஐராவதி டெல்டாவிலிருந்து பிழைக்க வந்தவர்களின் குடிசைகளும் நெருங்கிக் கிடக்கும் பகுதி. 2021 மார்ச் 14 அன்று இராணுவ ஆட்சியை எதிர்த்துப் போராடியவர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டதும், இராணுவச் சட்டம் வந்ததும் இங்கேதான். அந்த ஆண்டிலிருந்து மின்சாரமும் நிலைகுலைந்தது. எரிவாயு மின்நிலையங்கள் சில நின்றுபோயின. இப்போது முறைவைத்துத்தான் கரண்ட் விடுகிறார்கள்.

வேலைக்காக லேப்டாப்போடு வந்து தங்குகிறவர்கள் கரண்ட் போவதற்குப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது அது வரும்போது. போனால் பேட்டரி தாங்கிக்கொள்ளும். தெரு முழுவதற்கும் ஒரே நொடியில் திரும்பினால் ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்ந்து இழுக்கும். வோல்டேஜ் தாழ்ந்து, எகிறி, அப்புறம்தான் நிலைக்கு வரும். அதைவிடக் கொடியது நியூட்ரல் கம்பி கட்டாவது. 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் 400 வரைகூட ஏறிவிடும். ஆனால் லேப்டாப் அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் 100–240 வோல்ட் என்றுதான் போட்டிருக்கிறது.

இதற்குக் காவலாக மாட்டும் ஸ்பைக் கார்டுக்குள் விரல் நக அளவில் வேரிஸ்டர் என்றொரு வட்ட வில்லை உண்டு. எகிறும் வோல்டேஜைத் தன்மேல் வாங்கி, அடிக்கு அடி தேய்ந்துகொண்டே வரும். அது செத்த பிறகும் பல மாடல்களில் பிளக்கில் கரண்ட் வரும். காவல் போனது தெரியாது. எர்த் இல்லாத வீட்டில் அதன் வேலையும் அரைகுறைதான். நொடியில் மிகச் சிறு பகுதியே நீடிக்கும் எகிறலைத்தான் அது தடுக்கும். நியூட்ரல் கட்டாகி நிமிடக்கணக்கில் நிற்கும் 400 வோல்ட்டுக்கு, அளவு மீறினால் தானே துண்டித்து, சற்றுத் தாமதித்து இணைக்கும் கருவி வேண்டும். காசில்லாத வழியும் இருக்கிறது: கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வந்து பத்து நிமிடம் கழித்துச் சொருகுவது. ஆனால் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனைதான் என்னை உறுத்துகிறது. விடிந்ததும் ஆலைக்குப் போய் இருட்டியபின் அறைக்குத் திரும்பும் தையல்காரப் பெண்ணுக்குப் பிளக்கைப் பிடுங்க யார் இருக்கிறார்கள்? சீரான வோல்டேஜ் தருவது மின்சாரம் விற்பவரின் கடமை. அரசு அதைக் கைவிட்ட இடத்தில், அந்தக் கடமை ஒவ்வொருவர் கைக்காசின்மீதும் விழுகிறது. கூலி குறைந்தவர்மீது அதிகமாக விழுகிறது. லேப்டாப்பும் சம்பளமும் உள்ளவர் நல்ல கருவி வாங்கி மாட்டிக்கொள்ளலாம், அடாப்டர் எரிந்தால் வேறொன்று வாங்கலாம். அவளுடைய ரைஸ் குக்கர் கருகினால் அன்றிரவே கரி வாங்கி அடுப்பு மூட்ட வேண்டும். மறுநாள் விடிந்தால் மீண்டும் ஷிஃப்ட்.