புரிஞ்சுதா?

கீழே இருக்கிற நான்கு வரியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

'நேற்று சாம்பரத்தில் ஒரு குமிளன் தொவிந்தான். அவன் கையில் மூன்று பட்டூகங்கள் இருந்தன. அவற்றை அவன் லொடிக்காமல் விட்டுவிட்டான். அதனால் தாவிகை அவனைக் கடுமையாகச் செகிழ்த்தாள்.'

படித்தாயிற்றா? இப்போது கேள்விகள். குமிளன் எங்கே தொவிந்தான்? சாம்பரத்தில். அவன் கையில் எத்தனை பட்டூகங்கள் இருந்தன? மூன்று. தாவிகை அவனை ஏன் செகிழ்த்தாள்? பட்டூகங்களை லொடிக்காமல் விட்டதால்.

சபாஷ்! மூன்றுக்கு மூன்று. பேப்பரில் சிவப்பு மையில் 'வெரி குட்' போட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டாரும் ஒட்டிவிடலாம்.

ஒரே ஒரு சந்தேகம். பட்டூகம் என்றால் என்ன சார்? தொவிந்தான் என்றால் நின்றானா, நடந்தானா, செத்தே போனானா? உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உட்கார்ந்து நானே இட்டுக்கட்டிய வார்த்தைகள் அவை.

'கீழ்க்காணும் பத்தியைப் படித்து விடையளி' என்று பரீட்சையில் கேட்கிறோமே, அதில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. கேள்வியில் இருக்கிற வார்த்தையைப் பத்தியில் தேடு. கிடைத்ததும் அக்கம்பக்கம் இருப்பதை அப்படியே எடுத்து எழுது. முழு மார்க். இடையில் புரிதல் என்ற ஒன்று நடந்ததா இல்லையா என்று கேட்க ஆள் இல்லை.

சரி, இதில் என்ன பெரிய தர்மசங்கடம் என்கிறீர்களா? இருக்கிறது. ஒரு குழந்தை புரியாததைப் புரிந்த மாதிரி காட்டுகிறது. நாமும் அதற்கு மார்க் போட்டு, கைதட்டி, அடுத்த வகுப்புக்கு அனுப்புகிறோம். இது பொய்யா, இல்லையா? பொய் என்றால், சொன்னது யார்?

பிரான்ஸில் கிரெனோபிள் நகரத்தில், 1980ஐ ஒட்டி, சின்ன வகுப்புப் பிள்ளைகள் 97 பேருக்கு ஒரு கணக்கு கொடுத்தார்கள். 'ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கேப்டனின் வயது என்ன?' சிரிக்காதீர்கள். 97 பேரில் 76 பேர் விடை சொல்லிவிட்டார்கள். இருபத்தாறும் பத்தும் முப்பத்தாறு. கேப்டனுக்கு வயசு முப்பத்தாறு!

அந்த 76 பேரும் முட்டாள்களா? இல்லவே இல்லை. பள்ளிக்கூடத்தின் சட்டதிட்டத்தைச் சரியாகப் புரிந்துவைத்திருந்த சமர்த்துகள். டீச்சர் கேள்வி கேட்டால் விடை இருந்தே தீரும். கொடுத்த எண்களைப் பயன்படுத்தியாக வேண்டும். 'இந்தக் கேள்வியே தப்பு மிஸ்' என்று எழுந்து சொல்வதற்கு மார்க் கிடையாது, திட்டுதான் உண்டு. பிறகு யார்தான் சொல்வார்கள்?

நம் வகுப்பறைகளில் தினமும் எத்தனை முறை கேட்கிறது அந்தச் சத்தம்... 'புரிஞ்சுதா?' 'புரிஞ்சுது சார்ர்ர்!' நாற்பது தொண்டைகள், ஒரே ராகம். அதில் எத்தனை பேருக்கு உண்மையில் புரிந்தது என்பது கேட்டவருக்கும் தெரியாது, சொன்னவர்களுக்கும் தெரியாது. சொன்னவர்களுக்கே தெரியாது என்கிறேன், கவனியுங்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இதை எலன் மார்க்மன் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1979ல் அழகாகக் காட்டினார். குழந்தைகளுக்குச் சின்னச் சின்னக் கட்டுரைகளைக் கொடுத்தார். ஒன்றில், கடலின் அடியாழத்தில் வெளிச்சமே கிடையாது, எந்த நிறமும் தெரியாது என்று இருக்கும். கொஞ்சம் தள்ளி, அங்கே வாழும் மீன்கள் நிறத்தைப் பார்த்துத்தான் தங்கள் இரையைக் கண்டுபிடிக்கின்றன என்று இருக்கும். நிறமே தெரியாத இடத்தில் நிறத்தைப் பார்ப்பது எப்படி? நிறையக் குழந்தைகள் இந்த முரண்பாட்டைக் கவனிக்கவே இல்லை. எல்லாம் சரியாகப் புரிந்தது என்றே நினைத்தார்கள். ஆனால் 'இதில் ஏதோ ஒன்று இடிக்கிறது, என்னவென்று பார்' என்று முன்கூட்டியே சொன்னபோது, பெரிய வகுப்புப் பிள்ளைகள் முன்பைவிட நன்றாகவே கண்டுபிடித்தார்கள்.

ஆக, சந்தேகப்படும் திறமை பிள்ளைகளுக்குள் இருக்கிறது. சந்தேகப்பட அனுமதி உண்டு என்று யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது.

இதை ஒரு விளையாட்டாகவே வகுப்பில் செய்யலாம். பாடத்தில் ஒரு வரியை வேண்டுமென்றே தப்பாக மாற்றி வாசியுங்கள். எந்தப் பிள்ளை கையைத் தூக்கி 'சார், இடிக்குது' என்கிறதோ அதற்குப் பாராட்டு. ஒரு மாதம் நடத்திப் பாருங்கள், உங்களைக் காப்பி குடிக்கவிடாமல் துரத்தித் துரத்தித் தப்பு கண்டுபிடிப்பார்கள்.

இன்னொரு விளையாட்டு. இரண்டே வரி. 'ராமு குடையை மறந்துவிட்டுப் போனான். வீட்டுக்கு வந்ததும் அம்மா அவனிடம் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.' அம்மா ஏன் துண்டு கொடுத்தாள்? பத்தியில் தேடினால் விடை கிடைக்காது. மழை என்ற சொல்லே அதில் இல்லை. பிள்ளைதான் உள்ளே போய் இரண்டு வரிக்கும் நடுவே மழையைப் பெய்யவைக்க வேண்டும்.

'மழையில நனைஞ்சிட்டான் மிஸ்.' சரி.

வேலூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒன்று இப்படிச் சொன்னால்? 'வெயில் மிஸ். குடை இல்லாம வேர்த்து ஊத்திடுச்சு. தொடைச்சுக்கத் துண்டு.'

இது தப்பா? எப்படித் தப்பாகும்? மே மாதத்தில் வேலூரில் குடை எதற்கு என்று அந்தக் குழந்தைக்குத் தெரியும். கைடு போட்டவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

அப்படியானால் எந்த விடையும் சரிதானா? 'ராமு சினிமாவுக்குப் போனான், அதான் துண்டு' என்று இன்னொரு வாண்டு சொன்னால், 'ஆஹா, என்ன கற்பனை' என்று தட்டிக்கொடுப்பதா? இங்கேதான் நான் பி.காம். படித்தவன் என்பது எட்டிப்பார்க்கிறது. ஆடிட்டர் வந்து உட்கார்ந்தால் ஒரே கேள்விதான் கேட்பார்: 'வவுச்சர் எங்கே?' எவ்வளவு செலவை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு இருக்க வேண்டும். வாசிப்பிலும் அப்படித்தான். 'எந்த வரியை வச்சு அப்படிச் சொல்றே?' மழைக்குக் குடையும் துண்டும் வவுச்சர். வெயிலுக்கும் அதே வவுச்சர் செல்லும். சினிமாவுக்குச் சீட்டு இல்லை. மூன்றாவதாக ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 'அவன் சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டாள்.' இப்போது வெயில் கட்சி கொஞ்சம் யோசிக்க வேண்டும். யோசித்து, 'ஆமா மிஸ், மழையாத்தான் இருக்கும்' என்று அந்தப் பிள்ளை தானாகவே மாறினால், அன்றைக்கு அது கற்றுக்கொண்டது வெறும் மொழிப்பாடம் அல்ல. ஆதாரம் வந்தால் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்வதில் அவமானம் ஒன்றும் இல்லை என்பதை.

நம்மில் எத்தனை பெரியவர்களுக்கு இது வருகிறது, சொல்லுங்கள்?

இதில் நியாயம் என்ற விஷயமும் இருக்கிறது. எழுதியவர் நம் எதிரில் இல்லை. 'நான் அப்படிச் சொல்லலைங்க' என்று மறுக்க அவரால் முடியாது. அவர் சார்பில் சாட்சி சொல்ல அந்த வரிகள் மட்டும்தான் உண்டு. வரியைப் பார்க்காமல் 'இவன் இதைத்தான் சொல்கிறான்' என்று முடிவுகட்டுவது, ஆள் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசுகிற மாதிரி. வாட்ஸ்அப்பில் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போகிறவர்கள் எல்லோருமே ஒருகாலத்தில் ஏதோ ஒரு வகுப்பில் 'பத்தியைப் படித்து விடையளி'க்கு முழு மார்க் வாங்கியவர்கள்தான்.

'என்ன சார், மனப்பாடம் பண்ணித்தானே நாமெல்லாம் வளர்ந்தோம்? ஆறு வயசில் சொன்ன குறள் முப்பது வயசில் புரியலையா?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மனப்பாடத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். அர்த்தம் தெரியாமல் குறள் சொல்லும் குழந்தை யாரையும் ஏமாற்றவில்லை. 'எனக்குப் புரிந்துவிட்டது' என்று அது சொல்லவில்லை. நாமும் அப்படி நினைத்துக்கொள்ளவில்லை. டெபாசிட் போட்டு வைக்கிறோம், பின்னால் எடுத்துக்கொள்ளும். சிக்கல் எங்கே என்றால், புரிதலைச் சோதிக்கிறோம் என்று போர்டு மாட்டிவிட்டு, உள்ளே காப்பியடிப்பதற்கு மார்க் போடுகிற இடத்தில்.

டோலோரஸ் டர்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர் நான்காம் வகுப்புகளில் போய் உட்கார்ந்து, வாசிப்புப் பாடத்தைக் கடிகாரம் வைத்து அளந்தார். முடிவுகள் 1978-79ல் வெளிவந்தன. மொத்தம் 4,469 நிமிடங்கள். அதில் புரிந்துகொள்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்தது 20 நிமிடம்! மற்றபடி கேள்வி கேட்டார்கள், பயிற்சித்தாள் கொடுத்தார்கள், திருத்தினார்கள். புரிந்ததா என்று சோதித்தார்களே தவிர, புரிந்துகொள்ளக் கற்றுத்தரவில்லை. நீச்சல் சொல்லித்தராமல் தினமும் நீச்சல் போட்டி வைப்பது மாதிரி.

நம் கதை என்ன? கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பை 'ஏசர்' என்ற ஆய்வு 2005 முதல் அளந்துவருகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள், நாடு முழுவதும், 2018ல் நூற்றுக்கு 50.5 பேர். கொரோனா முடிந்து 2022ல் பார்த்தபோது 42.8. பிறகு 2024ல் கொஞ்சம் ஏறியது. இதெல்லாம் எழுத்துக்கூட்டித் தடுமாறாமல் வாசிப்பதற்கான கணக்கு. வாசித்ததின் அர்த்தம் பிடிபட்டதா என்பது அடுத்த கட்டம்.

அந்த அடுத்த கட்டத்தில் ஓர் ஆச்சரியம். 1988ல் ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு பேர், அமெரிக்காவில் 64 மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் மட்டம் என்று பெயர் வாங்கியிருந்த, ஆனால் பேஸ்பால் தெரிந்த பையன்கள், பேஸ்பால் தெரியாத கெட்டிக்காரர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நம்மூருக்கு இப்படி: 'ஸ்பின்னரை இறங்கி வந்து அடிக்கப் பார்த்தார், மிச்சத்தைக் கீப்பர் பார்த்துக்கொண்டார்.' இதில் 'அவுட்' என்ற சொல்லே இல்லை. ஆனால் தெருவில் கிரிக்கெட் ஆடுகிற கடைசி பெஞ்சு பையனுக்கு ஸ்டம்ப் எகிறுவது கண்ணில் தெரியும். கிரிக்கெட் பார்க்காத வகுப்பு ஃபர்ஸ்ட், கீப்பர் யார் என்று முழிக்கும். அப்போது 'மக்கு' யார்? பாடத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம், 'இதைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?' என்று பேசவிட்டால், பாதி மக்குகள் காணாமல் போய்விடுவார்கள்.

கடைசியாக, எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு முறை. பாலின்சர், ஆன் பிரவுன் என்ற இரண்டு பெண்மணிகள் 1984ல் எழுதியது. பிள்ளைகளைச் சின்னக் குழுவாக உட்காரவைத்து, முறை போட்டு ஒவ்வொருவரையும் டீச்சர் ஆக்கிவிடுவது. அன்றைய டீச்சருக்கு நான்கு வேலை: படித்ததிலிருந்து ஒரு கேள்வி கேட்க வேண்டும், சுருக்கிச் சொல்ல வேண்டும், குழப்பமான இடத்தை எடுத்துக் காட்டித் தெளிவாக்க வேண்டும், அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க வேண்டும். மூன்றாவது வேலையைப் பாருங்கள். 'இந்த இடம் குழப்பமா இருக்கு' என்று சொல்வது அங்கே குற்றம் இல்லை, டீச்சரின் கடமை!

நாற்பது, ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, போர்ஷன் முடிக்கிற அவசரத்தில் இதெல்லாம் சாத்தியமா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். அவர்கள் கஷ்டம் உண்மை. எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். வாரத்துக்கு ஒரு பாடம், ஒரே ஒரு 'எந்த வரி?' போதும். வீட்டில் நாம் அதுகூடச் செய்வதில்லையே. பிள்ளை 'புரியலைப்பா' என்று புத்தகத்தோடு வந்து நின்றால் நம் வாயில் முதலில் வருவது என்ன? 'கிளாஸ்ல என்னத்தைக் கவனிச்சே?' அவ்வளவுதான். அடுத்த முறை அது வந்து நிற்காது. புரிந்துவிட்டது என்று சொல்லிவிடும்.

அந்தப் பிள்ளை வளர்ந்து ஒருநாள் வீட்டுக்கடன் வாங்கப் போகும். பொடி எழுத்தில் இருபது பக்கம். கடைசிப் பக்கத்தில் 'மேற்கண்ட யாவற்றையும் படித்துப் புரிந்துகொண்டேன்' என்று அச்சடித்து, கீழே ஒரு கோடு போட்டிருப்பார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பேனாவை நீட்டுவார். 'ஒரு நிமிஷம் சார், நாலாவது பக்கம் புரியலை' என்று சொல்ல அன்றைக்கு அதற்கு வாய் வர வேண்டும். எட்டு வயசில் பழகாத வாய்க்கு முப்பது வயசில் திடீரென்று வந்துவிடுமா?

இன்று ராத்திரி உங்கள் வீட்டுக் குட்டி 'புரியலை' என்று வந்தால், புத்தகத்தை வாங்குவதற்கு முன்னால் 'பரவாயில்லையே, கண்டுபிடிச்சிட்டியே!' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.