ஆறு விநாடி நேர்மை

ஏலம் முடிய ஆறு விநாடி இருக்கும்போது என் தொகை விழுந்தது. அப்போது நான் அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்தேன். ஏலம் கேட்டது ஒரு மென்பொருள் சேவை; இரண்டு நாள் முன்பே தொகையை அதில் இட்டு வைத்திருந்தேன், அவ்வளவுதான். கைப்பேசி சிணுங்கியது. பச்சை நிற ஹார்ன்பி டப்ளோ டேங்க் எஞ்சின் ஒன்று 41 பவுண்டுக்கு எனக்கு வந்துவிட்டது. நான் கொடுக்கத் தயாராக இருந்த தொகை 220 பவுண்டு.

பொய் எதுவும் சொல்லவில்லை. விதி எதையும் மீறவில்லை. ஆனாலும் இடையிலுள்ள அந்த 179 பவுண்டு யாருடையது என்கிற கேள்வி என்னை விடவே இல்லை.

முதலில், இந்தப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். வேலைக்காக ஸ்விண்டனுக்குக் குடிவந்தேன். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பெரிய பட்டறை இருந்த ஊர் அது. பிரிட்டிஷ் ரயில்வே கட்டிய கடைசி நீராவி எஞ்சினான ஈவ்னிங் ஸ்டார் 1960இல் இங்கிருந்துதான் வெளியே வந்தது. பட்டறைக் கட்டிடங்களில் ஒரு பகுதி இன்று கடைவளாகம், இன்னொரு பகுதி அருங்காட்சியகம். முதல் குளிர்காலத்தில் போக வேறு இடம் தெரியாமல் அருங்காட்சியகத்துக்குப் போனேன். திரும்பி வந்து, இரவெல்லாம் பொம்மை எஞ்சின்களைத் தேட ஆரம்பித்தேன்.

லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் 1938இல் ஹார்ன்பி டப்ளோவைக் கொண்டுவந்தது. நடுவில் மின்சாரம் பாயும் மூன்று தண்டவாளம், உலோக வார்ப்பு உடல், உள்ளங்கையில் வைத்தால் கனக்கும். அதன் சிறிய டேங்க் எஞ்சினுக்கு மாதிரி, வடக்கு லண்டன் பக்கம் ஓடிய என்2 வகை. மெக்கானோ அதே வார்ப்புக்கு நான்கு ரயில் நிறுவனங்களின் வண்ணங்களையும் பூசி விற்றது. சதர்ன் ரயில்வேயிடம் என்2 எஞ்சினே கிடையாது. அந்தப் பச்சை வண்ணம் ஒரு கற்பனை. ஆனால் இன்று சேகரிப்பாளர்கள் அலைவது அந்தப் பச்சைக்காகத்தான், ஏனென்றால் அதுதான் அரிது.

இனி ஏலத்துக்கு வருவோம். ஈபே போன்ற தளங்களில் உங்கள் உச்சத் தொகையைச் சொல்லிவிட்டால், உங்களுக்காக இயந்திரம் படிப்படியாக ஏற்றிக் கேட்கும். வென்றால் நீங்கள் தருவது உங்கள் தொகையை அல்ல, இரண்டாமவரின் தொகையும் அதற்குமேல் ஒரு படியும்தான். வில்லியம் விக்ரி 1961இல் எழுதிய கட்டுரை இதன் அழகைக் கணக்காகக் காட்டியது. முத்திரையிட்ட ஏலத்தில் வென்றவர் இரண்டாவது விலையைக் கொடுத்தால் போதும் என்று வைத்தால், பொருளின் மதிப்பு எனக்கு எவ்வளவோ அதை அப்படியே சொல்வதே எனக்கு லாபம். குறைத்தால் பொருள் போகும், கூட்டினால் கை சுடும். உண்மை சொல்பவனுக்குப் பரிசு தரும் விதி! கல்லூரியில் முதன்முதலாகப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

நடைமுறையில் ஒரு ஓட்டை உண்டு. ஏலம் முடியும் நேரம் நிலையானது. முன்கூட்டியே கேட்டால் மற்றவர்கள் பார்த்துவிட்டு யோசிப்பார்கள்: 'இவ்வளவு கொடுக்கிறானே, ஏதோ இருக்கிறது.' அதனால் தெரிந்தவர்கள் கடைசி விநாடி வரை வாயைத் திறப்பதில்லை. ஆல்வின் ராத்தும் ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸும் 2002இல் ஈபே ஏலங்களை அன்றைய அமேசான் ஏலங்களோடு ஒப்பிட்டார்கள். அமேசானில் கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் முடிவு தானாகத் தள்ளிப்போகும். அங்கே கடைசி விநாடிப் பாய்ச்சல் குறைவு, ஈபேயில் அதிகம். ஈபேயில் அனுபவசாலிகள்தான் அதிகம் பதுங்கினார்கள்.

இந்தப் பதுங்கல் தவறா? இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். எதிரே கேட்பவருக்கும் அதே கடிகாரம், அதே சேவை. தன் உச்சத்தை நேர்மையாகச் சொல்லி வைத்தவரிடமிருந்து என் ஆறு விநாடி எதையும் திருட முடியாது.

என்னை உறுத்தியது வேறொன்று. தளத்தில் எழுத்துப்பிழையோடு தேடுவது சேகரிப்பாளர்களின் பழைய தந்திரம். பேரைத் தப்பாக எழுதிய பொருள் மற்றவர் கண்ணில் படாது, போட்டி இருக்காது. என்னிடம் அப்படிச் சேமித்த தேடல்கள் பதினாறு இருந்தன. அந்த எஞ்சின் அதில்தான் சிக்கியது. ஹார்ன்பியில் ஓர் எழுத்தைக் காணோம், டப்ளோ என்ற சொல்லே இல்லை. 'பழைய பச்சை ரயில் எஞ்சின். மறைந்த என் கணவருடையது. ஓடுமா தெரியாது.' படத்தில் 2594 என்ற எண் தெளிவாகத் தெரிந்தது. ஓரங்களில் பச்சைக்கு அடியில் வேறு வண்ணம் இல்லை, வெறும் உலோகம். அதாவது மறுவண்ணம் பூசிய போலி இல்லை. தன் கையில் இருப்பது என்ன என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

இந்தக் கேள்வி இரண்டாயிரம் ஆண்டுப் பழசு. சிசரோ கி.மு. 44இல் எழுதிய 'கடமைகள் குறித்து' நூலில் ஒரு வணிகன் வருகிறான். பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்கு அலெக்சாண்டிரியாவிலிருந்து தானியம் கொண்டுவருகிறான். பின்னால் இன்னும் கப்பல்கள் வருவது அவனுக்குத் தெரியும். சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? பாபிலோனின் டயோஜினிஸ், சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும், சொல்லாமலிருப்பது மறைப்பதாகாது என்கிறார். அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர், சொல்லத்தான் வேண்டும் என்கிறார். சிசரோ மாணவர் பக்கம். இங்கிலாந்தின் சட்டமோ பொதுவாக டயோஜினிஸ் பக்கம். தனக்குத் தெரிந்ததை விற்பவரிடம் சொல்லும் கடமையை அது வாங்குபவர்மேல் சுமத்துவதில்லை.

டயோஜினிஸுக்காக நானும் வாதாடிப் பார்த்தேன். அறிவும் உழைப்புதானே? நான்கு வருடம் இரவு கண்விழித்துக் கற்றது இது. போருக்கு முந்தைய எஞ்சின் ஒன்றை ஆசையாக வாங்கினேன். துத்தநாகக் கலவையில் கலந்த அசுத்தத்தால் அதன் உடல் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. அந்த நஷ்டத்தை யாரும் பங்கிட வரவில்லை. தெரிந்ததையெல்லாம் இலவசமாகக் கொடுக்க வேண்டுமென்றால் யார்தான் கற்றுக்கொள்வார்கள்? இந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை.

பிறகு பார்சல் வந்தது. பழைய துவாலை ஒன்றில் குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றி, நீல அட்டைப்பெட்டியில் வைத்திருந்தார். கூடவே ஒரு துண்டுச்சீட்டு: அவர் இதை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓட்டுவார், நீங்களும் ஓட்டினால் சந்தோஷம்.

மனைவி படித்துவிட்டுக் கேட்டாள். "இது எவ்ளோ போகும்?"

"இருநூறுக்கு மேல."

"அவங்ககிட்ட சொன்னியா?"

"சொல்லணும்னு ரூல் இல்ல."

"ரூல் இருக்கான்னு நான் கேக்கல."

அன்றிரவு எனக்குப் புரிந்தது இதுதான். 220 என்று நான் உண்மை சொன்னேன், ஆனால் ஒரு சர்வரிடம் சொன்னேன். நேர்மைக்குப் பரிசு தரும் விதி என்று நான் சிலிர்த்த அந்த விதிக்குத் தேவை சரியான உள்ளீடு மட்டும். நான் வாய் திறக்காமல் இருப்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. விக்ரியின் கணக்கில் பிழையில்லை. நாலு பேர் பார்த்துப் போட்டியிடும்போதுதான் அந்த இரண்டாவது விலை விற்பவரைக் காக்கும். எழுத்துப்பிழையில் ஒளிந்த பொருளுக்கு அந்தக் காவல் இல்லை. அது இல்லாத இடமாகப் பார்த்துத்தான் பதினாறு வலை விரித்து வைத்திருந்தேன்.

இப்போது எனக்கென்று ஒரு சோதனை வைத்திருக்கிறேன். வென்றபின், விற்றவர் எதிரே உட்கார்ந்து, எப்படி வென்றேன் என்று முழுக்கதையும் சொல்ல முடியுமா? ஆறு விநாடிக் கதையைச் சொல்லிவிடலாம், அவரும் சிரிப்பார். அரிய வகை என்று அடையாளம் கண்ட கதையையும் கொஞ்சம் பெருமையோடு சொல்லலாம். எழுத்துப்பிழையைத் தேடிப்போய், கணவரை இழந்த ஒருவரின் விவரக்குறிப்பைப் படித்து, சத்தமில்லாமல் காத்திருந்த கதையை? எனக்கு நா எழவில்லை.

கடிதம் எழுதினேன். வித்தியாசத்தில் பாதி, 90 பவுண்டு தருவதாகச் சொன்னேன். மீதிப் பாதி என் நான்கு வருடப் படிப்புக்கு. மனசாட்சியோடும் பேரம் பேசினேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. பணத்தை வாங்கிக்கொள்கிறேன் என்றார், நன்றி என்றார். பரணில் இன்னும் மூன்று பெட்டிகள் இருக்கின்றன, உங்கள் கடிதத்தால் அவற்றைத் தெரிந்தவர்கள் நடத்தும் ஏலக்கூடத்துக்குக் கொடுக்கப்போகிறேன் என்றும் எழுதியிருந்தார். மூன்று பெட்டிகள்! எழுதாமல் இருந்திருந்தால் அவையும் ஒவ்வொன்றாக என் வலைக்கே வந்திருக்கலாம்.

ஏலக்கூடத்தில் மூன்றுக்கும் கேட்டேன். மூன்றிலும் என் உச்சத்தைத் தாண்டிப் போனார்கள்.

பச்சை எஞ்சின் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுத் தரையில் வட்டமடிக்கிறது. ஆறு விநாடிச் சேவையை இன்னும் வைத்திருக்கிறேன். எழுத்துப்பிழைத் தேடல்கள் பதினாறையும் அழித்துவிட்டேன். தூக்கம் வராத இரவுகளில் ஹார்ன்பியைத் தப்பாக எழுதிப் பார்க்கக் கை இன்னும் போகிறது.